முப்பதாவது கட்டம்

1

இந்தக் கதையை நான் அண்ணியிடமிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். அவர் நம்பிச் சொன்ன விஷயத்தை, அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மனசுக்குள் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்.

அண்ணிக்கு மோந்து பார்க்கிற வேலை. சிரிக்க வேண்டாம், மாதச் சம்பளம் வரும் வேலைதான். ஓர் இடத்தில் குடியிருப்பு கட்ட பில்டர் அனுமதி கேட்கிறார், பக்கத்தில் நாறக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது என்றால், குடிவருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ வேண்டியிருக்குமா என்று ஓர் அறிக்கை வைக்க வேண்டும். காற்றின் திசை, தூரம் என்று கம்ப்யூட்டர் கணக்கு தனியாக உண்டு. அதுபோக ஒருவர் நேரில் போய் ஐந்து நிமிடம் நின்று மோந்து பார்க்க வேண்டும். பத்து நொடிக்கு ஓர் எண். ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் ஆறு. ஆக, ஒரு படிவத்தில் முப்பது கட்டங்கள்.

(போகிற நாளில் வாசனை சோப்பு கூடாது, காபி கூடாது, ஜலதோஷம் கூடவே கூடாது. அன்று அண்ணன் வீட்டில் வெங்காயம் வதக்க மாட்டார்கள். ஒருமுறை அண்ணன் மறதியாக ஷேவிங் லோஷன் போட்டுக்கொண்டு வந்து, அண்ணி கிளம்பும்வரை மொட்டைமாடியில் நின்றார். இதைக் கதைக்குள் எங்காவது நுழைக்கலாம் என்று வைத்திருந்தேன். இடம் கிடைக்கவில்லை, இங்கேயே இருக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய மூக்கு அவளைக் கைவிட்டது. அன்றுமுதல் உலகம் அவளுக்கு ஒரு"

ஒரு என்ன என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மோப்பம் போனவள், வேலை போய்விடுமே என்று மறைக்கிறாள், எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போடுகிறாள். வாசகர் உருகிப்போவார். நடந்தது அதுவல்ல என்பது ஒன்றுதான் குறை.

அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மூக்குக்கு ஒண்ணும் ஆகலையே. எதுக்குக் காய்ச்சல்?"

கதைக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது என்று இழுத்தேன்.

"மூக்கு போச்சுன்னு எழுதினா பாவம்னு சொல்லுவாங்க. பேசிட்டு உக்காந்திருந்தேன்னு எழுதினா தப்புன்னு சொல்லுவாங்க. தப்புன்னே எழுது, தம்பி."

3

சரி, தப்பு என்றே எழுதுகிறேன்.

ஒரு காலி மனை. அதன் பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஒரு மனைக்கு மூன்று தடவை போக வேண்டும். முதல் இரண்டு தடவையும் காற்று நிலையத்தை நோக்கி அடித்தது, மனையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நாள்தான் முக்கியமான நாள். தொட்டிகளின் மேலிருந்து காற்று நேராக மனைக்கு வந்தது.

அண்ணி போய்ச் சேர்ந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. நிலையத்தின் ஆபரேட்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வுக்கு முன் நாறுகிற இடத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். அந்த நாற்றத்திலேயே இருந்துவிட்டு வந்த மூக்கு, பழகிப்போய், வெளியே வந்தாலும் எதையும் சொல்லாது. பன்னிரண்டு வருடத்தில் அண்ணி அதை மீறியதில்லை. வாசலிலேயே நின்று மறுத்திருப்பார். ஆனால் ஆபரேட்டர் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டு, இங்கே வருகிறவர்கள் யாரும் உட்காருவதில்லை என்றாராம். அதற்கு மேல் எப்படி நிற்பது?

ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தவர் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டருடைய மூட்டு வலி, வராத இடமாற்றம், தன்னோடு சாப்பிட உட்காராத மச்சினன் என்று பேச்சு நீண்டது. மழை விட்டதும் மனைக்குப் போய், படிவத்தை எடுத்து, நிதானமாக முப்பது பூஜ்யம் போட்டார்.

கடைசி பூஜ்யத்தைப் போடும்போது, சாலையில் ஒரு பெண் குழந்தையோடு போனாள். தன் மூக்கைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். குழந்தையின் மூக்கை இன்னொரு கையால் பொத்தியிருந்தாள்.

4

இந்த இடத்தில் எனக்கே இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. தெரிந்த பிறகும் ஏன் அறிக்கையை அனுப்பினார்? கேட்டேன்.

"பஸ்ல ஏறினதுமே தெரிஞ்சுபோச்சு. பன்னெண்டு வருஷமா தப்பே பண்ணாதவள்னு ஒரு பேரு. அது வாயத் திறக்க விடல."

அறிக்கை அனுமதி அலுவலகத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எனவே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: அவள் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறாள். மதிலை ஒட்டிய கட்டடம் வரைபடத்திலிருந்து போகிறது. அவளுடைய பேரும் கூடவே போகிறது.

முடிவு இரண்டு: அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டடம் எழும்புகிறது. ஜன்னல்கள்

(ஜன்னல்கள் திறக்கப்படவே இல்லை என்று எழுத வந்தேன். கை ஓடவில்லை.)

அண்ணி இரண்டையும் படித்தார். ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"நாலாவது மாடியில, மதிலைப் பாத்த வீட்டுக்குப் பேர் குடுத்தவர் ஒருத்தர் இருந்தாரே. கதையில அவரு எங்க?"

5

அது நான்தான்.

அனுமதி வருவதற்கு முன்பே அந்த வீட்டை வாங்கப் பெயர் கொடுத்துவிட்டோம். இப்போது இருப்பது இரண்டு அறை. மகளுடைய மேஜை ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிறது. யாராவது தண்ணீர் எடுக்க வந்தால் அவள் எழுந்து வழிவிட வேண்டும். புது வீட்டில் தன் அறையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும்விடக் கதவைத்தான் பெரிதாக வரைந்திருக்கிறாள், தாழ்ப்பாளோடு.

அண்ணி இதை ஓர் எழுத்தாளனிடம் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குக் குடிபோகப் போகிறவனிடம் சொன்னார். நான்தான் எழுத்தாளனாக மாறி ஒளிந்துகொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

6

நேற்று இருவரும் அந்த மனைக்குப் போனோம். காற்று மதில் பக்கமிருந்து வந்தது. படிவத்தை அண்ணி என் கையில் கொடுத்துவிட்டு, பத்து நொடிக்கு ஒருமுறை "இப்போ" என்றார். முதல் கட்டத்தில் ஐந்து போட்டேன். அழுகிய முட்டை என்று எழுதினால் முட்டை கோபித்துக்கொள்ளும். பத்தாவது கட்டத்தில் நான்கு. இருபதைத் தாண்டியபோது இரண்டு. இருபத்தொன்பதாவது கட்டத்தில் ஒன்று போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

"பழகிடும் போல இருக்கே, அண்ணி."

"பழகிடும். எனக்கும் அப்படித்தானே பழகுச்சு." படிவத்தை வாங்காமலே சொன்னார். "உன் பொண்ணோட சிநேகிதிங்க முதல் நாள் வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்களுக்குப் பழகியிருக்காது."

பிறகு பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம், கையெழுத்தோடு. நேரில்தான் கொடுக்க வேண்டும், மெயிலில் வாங்க மாட்டார்கள். அந்த அலுவலகம் என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு.

"உன் கையால குடு. நான் குடுத்தா, என் மனசு நிம்மதிக்காக உன் வீட்டக் கெடுத்தேன்னு என்னிக்காவது தோணும் உனக்கு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, லீவு போட்டுட்டு நானே போறேன்."

நான் முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. அண்ணி அதை முடியும் என்று எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இது அவருடைய இரண்டாவது தப்பாகக்கூட இருக்கலாம்.

7

இன்று புதன். மணி நான்கே கால். அனுமதி அலுவலகம் ஐந்துக்கு மூடும். உறை என் அலுவலக மேஜையில், இந்தத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. அடிக்கடி தாளைத் தூக்கி, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. அடக்கத்தால் அல்ல. இரண்டு வாரமாக இந்தக் கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரமாக எனக்கு எதுவும் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், மகளுக்கு ஒரு கதவு கிடைக்கும் என்றெல்லாம் தோன்றுகிறது. முதல் கட்டத்தில் ஐந்து போட்டவனும் நான்தான்.

நீங்கள் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். முப்பதாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மூச்சை இழுத்து, என்ன எண் என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நடந்துபோக எட்டு நிமிடம் ஆகும்.