ஆளில்லா நிலத்தின் படம்

இடுப்பளவு புல்லில் அப்பாவின் சவப்பெட்டி படகு போல மிதந்து பாதி வயலைக் கடந்திருந்தபோது, பின்னால் மோட்டார் சைக்கிள் ஹாரன் அலறியது.

"நில்லுங்க! ஒரு புல்லைக்கூட மிதிக்காதீங்க!"

மானிய அதிகாரி. வரப்பில் நின்றபடியே தொப்பியைக் கழற்றி இறந்தவருக்கு அரை நொடி மரியாதை செய்துவிட்டுச் செல்போனை எடுத்தார்.

அப்பா மூன்று வருடமாக அரசாங்கப் பணத்தில் சும்மா இருந்தவர். உழாமல், விதைக்காமல் நிலத்தை ஆறப்போட்டால் மானியம். மீறினால் மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தச் சும்மாவை அவர் உத்தியோகமாகவே பார்த்தார். தினமும் சலவைச் சட்டை போட்டு, தண்ணீர் பாட்டிலோடு வயலுக்குப் போவார். மதியம் களைத்துத் திரும்புவார். மகள் சிரித்தால், "சும்மா இருக்கிறது லேசுன்னு நெனச்சியா?" என்பார்.

அதே பாட்டில் இன்று அவள் கையில். குழி தோண்டுகிறவர்களுக்காக நிரப்பியிருந்தாள்.

"இது எங்கப்பாவோட இறுதி விருப்பம் சார்," என்றான் அண்ணன். இரங்கல் கூட்டத்து மைக் இன்னும் அவன் குரலை விட்டு விலகவில்லை. "தான் ஆண்ட மண்ணின் நட்டநடுவே..."

"நடுவுலன்னு சொல்லலண்ணா. வரப்போரமாப் போதும்னுதான் சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு."

"ஓரமா விட அவரு என்ன செருப்பா? நடுவுலதான்."

அதிகாரி கையை உயர்த்தினார். "எங்க வேணாலும் வைங்க. இன்னைக்கு மானியத்துக்குக் கடைசிப் படம் எடுக்கணும். அதுல ஆள், மாடு, மண்வெட்டி எதுவும் தெரியக்கூடாது. எடுத்தப்புறம் தோண்டிக்கங்க. ஆனா எங்கயாச்சும் விதைச்சிருக்கறதைப் பார்த்தேன்னா, மொத்தப் பணமும் வாபஸ்."

"எங்கப்பா ஒரு களையைக்கூடப் பிடுங்கினதில்ல!" என்றான் அண்ணன். "நாங்க வெளியில போறோம், எடுத்துக்கங்க."

"திரும்பி நடந்தா இன்னும் மிதிபடுமே. அப்படியே படுத்துக்கங்க."

"படுக்கறதா?"

"ரெண்டே நிமிஷம். ஒருத்தர் ஏற்கெனவே படுத்துட்டாரு, கூடவே நீங்களும்..." அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டி இறங்கியது. துக்கத்துக்கு வந்தவர்களின் இஸ்திரி மடிப்புகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் அமிழ்ந்தன. பெட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கைக்குட்டையை விரித்து, துக்கம் கலையாமல் கன்னத்தை அதில் வைத்தான்.

காற்று வந்தது. புல் எல்லார் மேலும் சாய்ந்து மூடிக்கொண்டது. யாரோ இருமலை விழுங்கினார்கள். பிறகு அதுவும் இல்லை. பஞ்சு விதைகள் வெயிலில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அப்பா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் பலகை. சின்ன வயதில் மதியத் தூக்கம் இப்படித்தான் இருந்தது. கண்கள் சொருக, தலையைத் திருப்பினாள்.

புல்லின் அடியில், ஒரு தலையணை அகலத்துக்கு மண் பொலபொலவென்று கிளறப்பட்டிருந்தது. அதில் மூன்று தக்காளிச் செடிகள். ஒன்றில் பாதி சிவந்த பழம். பக்கத்தில் குத்தியிருந்தது வீட்டில் காணாமல் போன ஸ்பூன். அண்ணிதான் எடுத்திருப்பாள் என்று அவள் வருடக்கணக்காக நம்பிய ஸ்பூன்.

நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அப்பா படுத்துக்கொண்டுதான் விவசாயம் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் இலைகள் தொய்ந்திருந்தன.

"ஆச்சு! எந்திரிங்க!" வரப்பிலிருந்து அதிகாரி கத்தினார். "அருமையா வந்திருக்கு. ஒரு ஈ காக்கா இல்ல!"

எல்லாரும் எழுந்து முழங்காலைத் தட்டினார்கள். "இதுதான் நடு," என்றான் அண்ணன். "இங்கேயே தோண்டுங்க."

அவள் எழவில்லை.

"என்னம்மா?"

"வரப்போரமாண்ணா. அப்பா சொன்ன இடத்துல."

அண்ணன் எல்லார் முகத்தையும் பார்த்தான். மைக் முன்னால் நிற்பவன் போலத் தொண்டையைச் செருமினான். "சரி, ஓரமாவே வைப்போம்," என்றான், தானே முடிவெடுத்த தோரணையில்.

பெட்டி மறுபடி மிதந்தது. புல்லை வாரிச் சாய்த்துவிட்டு அவள் கடைசியாக வந்தாள்.

வரப்பில் அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் தண்ணி இருக்குமாம்மா?"

அவள் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று விளிம்பிலேயே நின்றது.