வீட்டில் தங்கிய இருமல்

லாரி டிரைவரின் நெஞ்சை விட்டு இருமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெளியேறியது. நெஞ்சை விட்டதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் பல் தேய்க்கும் நேரத்துக்கும் படுக்கும் நேரத்துக்கும் வழக்கம்போல இருமியது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று சொல்லப்பட்ட நெஞ்சு அது. டிரைவர் ஒரு சொட்டு சிந்தாமல் டீ குடித்துவிட்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை கொடுத்தது கடல் கடந்து வந்த ஒரு மருந்துக் கம்பெனி. மூடிக் கிடந்த சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து, நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கே, அவர்கள் நாட்டில், நாலு பேரிடம் சோதித்துப் பார்க்கிற செலவில் இங்கே ஒரு தெருவையே சோதித்துவிடலாமாம். இதை அவர்கள் ஒளிக்கவில்லை. தக்காளி விலை சொல்வதுபோலச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். தெருவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஆள் இல்லாத அறையில் இருமல் கேட்டால் அது மருந்து வீடு.

டிரைவரின் மனைவி தையல்காரி. சும்மா கிடைப்பது எதுவானாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். கணவரோடு தியேட்டருக்குப் போனவள், வெளியே எடுத்ததை ஏன் எங்கள் வீட்டிலேயே விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். டாக்டர் நல்ல மனிதர்தான். டிரைவரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

"அவரு இருமுறதில்லைங்க. வீடு இருமுது," என்றாள்.

"வீட்டை நாங்க ஆராய்ச்சியில சேர்க்கலையேம்மா."

அவர் பொய் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மருந்து வேலை செய்கிறது என்று உறுதியானதும் கம்பெனி கட்டில்களை மடித்தது. இனி அது அங்கே விற்பனைக்கு வரும், இங்கே விற்றால் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாத்திரை நின்றதும் இருமல் மெஷினடியை விட்டுக் கட்டில் பக்கம் நகர ஆரம்பித்தது. டிரைவர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தார். அந்தப் பயத்தை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலுக்கும் இருமலுக்கும் நடுவில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"மொத்தமா அவருதான் வேணும்னா நடக்காது. ஆளுக்கு ஒரு நாள்னா வா."

இருமல் ஒத்துக்கொண்டது. திங்களன்று அவள் இருமினாள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, புதன்கிழமையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். வாரா வாரம் வந்து யாரோடும் பேசாமல் இருமிவிட்டுப் போனாள். மற்ற நாட்களை மகளும் மருமகனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். டிரைவருக்கு வெள்ளி மட்டும். ஒரு நாள் இருமலை அந்த நெஞ்சு தாங்கியது. ஞாயிறு இருமலுக்கும் ஓய்வு. மழைக்காலங்கள் வந்து போயின, டிரைவர் இருந்தார்.

அங்கே மருந்து சக்கைப்போடு போடுவதாகச் செய்தி வந்த வருடம், தெருவுக்குப் பழக்கமில்லாத இருமல்கள் வந்து சேர்ந்தன. மெலிந்த, வறண்ட இருமல்கள். கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றன. அங்கே யாரும் அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தையல்காரி தன் வாசலில் நின்றதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் அப்பவே நினைச்சேன். நம்ம வீட்டையும் சேர்த்துத்தான் சோதிச்சிருக்காங்க," என்றாள்.

விரட்டத்தான் போனாள். டிரைவருக்கு மனம் வரவில்லை. போக இடமில்லாமல் நிற்கிறதே என்றார். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு, அவருடைய வெள்ளியைத் தான் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை அவருக்கும் அந்த இருமலுக்கும் விட்டாள். இப்போது ஞாயிறுதோறும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக இருமுகிறார். இருமி முடித்ததும், தனக்குத் தெரியாத ஒரு மொழியில் மன்னிப்புக் கேட்கிறார். தையல்காரி தலையை நிமிர்த்தாமல், சரி சரி என்கிறாள்.