மூங்கில் ஊன்ற ஓரிடம்

கரட்டு அரண்மனையில் எனக்குச் சம்பளமே கதை சொல்வதற்குத்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் ஒரு கரட்டின், அதாவது சிறு பாறைக்குன்றின், மேல் இருக்கிறது அது. ஒரு காலத்தில் சின்ன ஜமீன் ஒன்றின் வீடு. இப்போது சென்னைக்காரர் ஒருவர் வாங்கி, சுற்றிலும் திராட்சை போட்டு, பின்கட்டில் ஒயின் தயாரித்து, அறைகளை வாடகைக்கு விடுகிறார். கல்யாணமும் நடத்தித் தருகிறோம். வருகிறவர்களுக்கு அரண்மனையின் வரலாற்றைச் சொல்வது என் வேலை.

நான் எம்.ஏ. வரலாறு. ஆனாலும் ஆவணம் வாய் திறக்காத இடங்களில் நானே பேசிவிடுவேன். முற்றத்து மூலையில், கல்தரையில் ஒரு துளை உண்டு. ஜமீன் யானையைக் கட்டிய இடம் என்று நாலு வருடம் சொன்னேன். அந்த முற்றத்து வாசலில் எருமை நுழைவதே கஷ்டம், ஆனால் ஒருவரும் கேட்டதில்லை. போன வருடம் அலங்காரத்துக்கென்று பழைய ஒயின் பீப்பாய் ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டார்கள். நானும் யானையை மறந்துவிட்டேன்.

சந்திரவல்லி அம்மாள் வந்தது ஒரு புதன்கிழமை காலை. மணப்பெண்ணின் அம்மா. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபது பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கிறவர். மகள் பவதாரணியும் மாப்பிள்ளை நிலவனும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். போனிலேயே படம் பார்த்து இந்த இடத்தைப் பிடித்தது அவர்கள்தான். கல்யாணம் வெள்ளிக்கிழமை. புதனன்று ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பந்தக்கால் ஊன்ற வேண்டும். சந்திரவல்லி அம்மாளின் அண்ணன் காசிமாயன், மஞ்சள் பூசி மாவிலை கட்டிய பச்சை மூங்கிலை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். கணவனை இழந்தவர் என்பதால் தான் தள்ளி நிற்பதாகவும், அண்ணனும் அண்ணியும் ஊன்றுவார்கள் என்றும் அந்த அம்மாளே சொன்னார்.

எங்கள் மேனேஜர் ஒரு பெரிய பூந்தொட்டியில் மணல் நிரப்பிக் கொண்டுவரச் செய்தார். பழைய கல்தரையைத் தோண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தான் செய்தது பெரிய உபகாரம் என்று அவருக்கு நினைப்பு. தொட்டியைப் பார்த்ததும் சந்திரவல்லி அம்மாளின் முகம் மாறிவிட்டது. தரையில் ஊன்றாமல் இங்கே கல்யாணம் கிடையாது, இன்றைக்கே போடியில் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தோட்டத்தில் ஊன்றலாமே என்றார் மேனேஜர்.

“தோட்டத்துல ஊனுனா திராட்சைக்குத்தான் கல்யாணம். மணவறை இருக்குற எடத்துலதான் ஊனணும்.”

பவதாரணி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். முந்நூறு பேர் ரயிலுக்கும் பஸ்சுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மூங்கிலுக்காக இவ்வளவா? இருந்தாலும் அரண்மனையைச் சுற்றிக்காட்டினால் கொஞ்சம் இறங்கி வருவார் என்று அந்த அம்மாளை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனேன்.

பாதிப் படியில் அவரே ஆரம்பித்தார். அவருடைய கல்யாணம் போடியில் ஒரு மண்டபத்தில் நடந்ததாம். சிமெண்ட் தரை. பந்தக்காலைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அவருடைய அப்பா, வீட்டு வாசலுக்குப் போய் முறையாக ஊன்றிவிட்டு வரலாம் என்றிருக்கிறார்.

“நாந்தான் தம்பி, இதே போதும்னேன். நேரமாகுது, வெரசா முடிங்கன்னேன். நாலாம் வருசம் அவரு போடிமெட்டு வளைவுல ஜீப்போட போயிட்டாரு. பாப்பாவுக்கு மூணு வயசு. கால் ஊனாத கல்யாணம்ல, அப்டித்தான் ஆகும்னு எங்க மாமியா சொன்னாக. ஒரே ஒரு தடவதான் சொன்னாக.”

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் என் ஆறுதலை எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த அரண்மனையில் முன்னால் கல்யாணம் நடந்திருக்கிறதா என்று கேட்டார். நடந்திருக்கிறது, 1912-இல், இதே முற்றத்தில் என்று சொல்லி, படிச்சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைக் காட்டினேன். உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும்.

“அப்ப அவுக கால எங்க ஊனுனாக? அப்பயும் இதே கல்லுதான?”

ஐந்து வருடமாக இந்தப் படத்தின் முன்னால் நின்று பேசுகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்றும் இருந்தது. ஜமீன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தக்கால் இல்லாமல் இருந்திருக்காது. எங்கேயோ ஊன்றியிருக்கிறார்கள்.

தேட ஆரம்பித்தோம். மணவறை போடும் முற்றத்தில் கல் கல்லாகப் பார்த்தோம். தலைவாசலில் கம்பளத்தைச் சுருட்டினோம். கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தினோம். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே வந்தார். காசிமாயன் மூங்கிலைக் கீழே வைக்கக் கூடாது என்று தோளிலேயே வைத்திருந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு விளக்கு ஆடியது. ஒயின் பாட்டில்கள் அடுக்கியிருந்த அறை வாசலில் மேனேஜர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டே நிறுத்தினார். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

சந்திரவல்லி அம்மாள் எங்களோடு அலைவதை நிறுத்திவிட்டு, புகைப்படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காய்த் தட்டைப் பார்க்கிற பார்வை. மணமக்களை அவர் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே பாதி வெட்டுப்பட்டு ஒரு மாவிலையும் விரல் அகலத்துக்கு மூங்கிலும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு தூண், அதில் அலகு உடைந்த கல்கிளி.

“இந்தக் கிளித் தூணு எங்கன இருக்கு?”

நான் ஓடினேன். முற்றத்தின் ஈசானி மூலையில் அந்தத் தூண் இருந்தது. அதன் காலடியில் பீப்பாய் இருந்தது. நானும் காசிமாயனின் மனைவியும் சேர்ந்து தள்ளினோம். கீழே என் யானை கட்டிய துளை.

அசடு வழிந்துகொண்டே யானைக் கதையைச் சொன்னேன். சந்திரவல்லி அம்மாள் துளைக்குள் கைவிட்டுத் தடவினார்.

“யானையக் கட்டுனா இழுத்து இழுத்து ஒரு பக்கம் தேஞ்சிருக்கும்ல தம்பி. இது சுத்தி ஒண்ணுபோல இருக்கு.”

குப்பையை அள்ளி வெளியே போட்டார். முழங்கை ஆழத்தில் கல் முடிந்து மண் வந்தது. பவதாரணி போன் விளக்கை அடித்தாள். மண்ணில் ஒரு செப்புக்காசு கிடந்தது. சந்திரவல்லி அம்மாள் அதைச் சேலைத் தலைப்பில் தேய்த்துப் பார்த்தார். 1912 என்று படிக்க முடிந்தது. பந்தக்கால் குழியில் காசு போடுவது வழக்கம். மேனேஜர் பெருமூச்சு விட்டார். தரையைத் தோண்ட வேண்டியதில்லை.

காசிமாயன் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கப் போனார். சந்திரவல்லி அம்மாள் கை காட்டி நிறுத்திவிட்டு, மறுபடியும் படத்தை எடுத்தார். இப்போது பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ள நல்லா வாழ்ந்துச்சா தம்பி?”

கதையின் அந்தப் பக்கத்தை நான் கல்யாண வீட்டாருக்குச் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று மேனேஜர் உத்தரவே போட்டிருக்கிறார். அவர் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டினார். ஏழு பிள்ளைகள், நூறு வயது என்று சொல்ல என் வாய் தயாராகவே இருந்தது. பொய் சொல்வது எனக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. ஆனால் படியில் நின்று அந்த அம்மாள் என்னிடம் பொய் சொல்லவில்லை.

“இல்லம்மா. மூணாம் வருசம் காலராவுல மாப்ள தவறிட்டாரு. அந்தப் பொண்ணுக்கு அப்ப பத்தொன்பது வயசு. அதுக்கப்புறம் எழுபது வயசு வரைக்கும் இதே வீட்டுல இருந்தாக.”

பவதாரணி என்னை முறைத்தாள். முந்நூறு பேரும் போடிக்குத் திரும்பிப் போவதை நான் மனதில் பார்த்துவிட்டேன். சந்திரவல்லி அம்மாள் படத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கையிலிருந்த காசைப் பார்த்தார்.

“இவுகளுக்குக் கால் ஊனித்தான கட்டி வச்சாக?”

“ஆமாம்மா.”

“ஈசானி மூலையில. காசு போட்டு. நேரம் பாத்து.”

“ஆமா.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளிடமோ என்னிடமோ அல்ல, அந்தப் படத்திடம் சொன்னார்.

“அப்ப நான் சொன்னதால இல்ல.”

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். காசிமாயன் மூங்கிலோடு நின்றபடியே தங்கையின் தலையில் கை வைத்தார். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது சந்திரவல்லி அம்மாள் எழுந்து, பழைய காசைக் குழியிலேயே போட்டு, தன் முந்தானையில் முடிந்திருந்த ஒரு ரூபாயையும் அதனோடு போட்டார்.

“அண்ணே, ஊனு.”

மூங்கில் உள்ளே இறங்கி ஆடாமல் நின்றது. அண்ணி பால் சொம்பை எடுத்தாள். சந்திரவல்லி அம்மாள் யாரையும் கேட்காமல் அதை அவள் கையிலிருந்து வாங்கி, தானே ஊற்றினார்.