சங்கப் புத்தகத்தில் ஒரு வரி

கூனெஷ் கிழவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றபோதே எனக்கு வயிறு எரிந்தது. கக்கத்தில் தெருச் சங்கத்தின் புத்தகம். அவர் மனைவி அக்னெத்தா அன்று விடியற்காலையில் செத்துப்போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தொண்ணூறாம் வருஷம் எல்லை திறந்ததும், ருமேனியாவில் குடியேறிய ஜெர்மன்காரர்களான எங்கள் சாக்சன் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு ஓடியது. எண்ணூறு வருஷம் வாழ்ந்த ஊர் நாலே வருஷத்தில் காலி. எங்கள் ஜனத்தில் மிச்சம் நானும் இந்தக் கிழங்கள் இரண்டும்தான்.

"உட்காருங்க" என்றேன். துக்க வீட்டுக்காரரிடம் வேறென்ன சொல்வது?

"ரெகினா, நாளைக்கு மதியம் அடக்கம். குழி வெட்ட ஆள் இல்லம்மா."

"உங்க பசங்க?"

"ஸ்டுட்கார்ட்லேர்ந்து மலர்வளையம் அனுப்புறாங்களாம்."

என் கணவன் இலியே அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "நான் வெட்டுறேன் மாமா. இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

"சும்மா நீ வெட்ட முடியாதுப்பா. சங்கத்துல இருக்கிறவன்தான் வெட்டணும். அதான் புத்தகத்தைக் கொண்டாந்தேன். உன் பேரை எழுதிடுறேன், ஒரு கையெழுத்துப் போடு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சங்கத்தில் ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் இவர். தலைவரும் இவரே, உறுப்பினரும் இவரே. அதற்கு ஒரு சட்டம் வேறு!

இலியே ருமேனியன், எங்கள் ஜனமில்லை. அவனைக் கட்டிக்கொண்டதற்காக அறுபத்தொன்பதில் என் பெயரை இதே புத்தகத்தில் அடித்து நீக்கியவர் இந்த மனிதர்தான். தொலையட்டும் என்று விட்டிருப்பேன். எழுபத்தொன்று ஜனவரியில் என் நாலு மாதக் குழந்தை செத்தது. பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார், சங்கம் ஆள் கொடுக்கவில்லை. தெருவில் யார் செத்தாலும் நாலு பேர் மண்வெட்டியோடு கிளம்புவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. இறுகிக் கிடந்த மண்ணை இலியே ஒண்டியாகக் கடப்பாரையால் குத்தினான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பனியில் உட்கார்ந்திருந்தேன்.

"முதல்ல என் குழந்தை பேரை எழுதுங்க" என்றேன். "சங்கத்துல செத்தவங்க பட்டியல்ல. இல்லாட்டி என் புருஷன் மண்வெட்டியைத் தொட மாட்டான்."

"ரெகி, விடேன். வீட்டுல பொணம் கிடக்குது" என்றான் இலியே.

"நீ வாயை மூடு."

கிழவர் சட்டம் பேசுவார், முடியாது என்று குதிப்பார் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வருஷமாக நெஞ்சில் சேர்த்ததையெல்லாம் அவர் முகத்தில் கொட்டத் தயாராக நின்றேன். அவரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

"பேர் என்ன?"

நாலு வீடு தள்ளி இருந்த மனிதர் கேட்கிறார்!

"வியோரிக்கா."

எழுதினார். ஊதிக் காயவைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எழுதியாச்சு. இலியே, நீ இங்க போடு. மண்ணு இளக்கமாத்தான் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

இலியே கையெழுத்துப் போட்டுவிட்டு மண்வெட்டி எடுக்கக் கொல்லைக்குப் போனான்.

"இவ்வளவுதானா?" என்று கத்தினேன். "இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே, பாவி மனுஷா! ஏன் எழுதல?"

கிழவர் புத்தகத்தை மூடினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"அன்னிக்குச் சங்கத்துல குழி வெட்ட ஆள் இருந்தாங்களேம்மா" என்றார்.