சுற்றாத தலை

"சுத்துதாடா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"நீ வேற. குளிக்கும்போது காதுல தண்ணி போன மாதிரி இருக்கு, அவ்வளவுதான். எப்பக்கா ஆரம்பிப்பே?"

அக்கா ஆரம்பித்து நேரமாகிவிட்டது. அதுதான் இடித்தது.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்த தம்பியின் வலது காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போய், கீழே பிடித்திருந்த கிண்ணத்தில் வடிந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் பட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாந்துபோய், 'தலை சுற்றுகிறது' என்று மூளைக்குத் தந்தி அடிக்கும். கண்கள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். ஆள் சும்மா படுத்திருந்தால் மூளை அதை அமுக்கிவிடும் என்பதால் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிக்குள் இருந்த காமிரா வழியே திரையில் தெரிந்த அவன் கண்மணிகளோ, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றன.

"மிருகங்க பேரா சொல்லிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

"எருமை. கழுதை. குரங்கு. கரடி... என்னக்கா, நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பாக்குற மாதிரியே இருக்கு."

டெக்னீஷியன் பெண் களுக்கென்று சிரித்தாள். அக்காக்காரி சிரிக்கவில்லை.

காது கேளாமை, தலைசுற்றல், தள்ளாட்டம். இவைதான் அவளுடைய ஆராய்ச்சி. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ஆள் குறைகிறதே என்றுதான் தம்பியைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். அடுக்குமாடி கட்டுமிடத்தில் கோபுர கிரேன் ஓட்டுபவன். கூட்டாளிகள் 'பருந்து' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கும் திறன் சோதனையில் ஊசி விழுகிற சத்தத்தைக்கூட விடவில்லை. இவனைவிட ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது?

இடது காது. வெந்நீர். கடைசியாக ஐஸ் தண்ணீர். "ஸ்ஸ்... ஜில்லுனு இருக்கு" என்றான். ஆணி அசையவில்லை.

"மெஷின் மக்கர் பண்ணுதா மேடம்?" என்றாள் டெக்னீஷியன்.

அந்தக் கேள்வியை அக்காக்காரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆமாம், மெஷின்தான். குழாயோ, சூடோ, ஏதோ ஒரு கோளாறு. தம்பியை எழுப்பிவிட்டு, "எனக்குப் போடு" என்று தானே படுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எத்தனையோ பேருக்குச் செய்த சோதனை. ஆனால் இப்படி ஒரு வேண்டுதலை இந்தக் கட்டில் கேட்டதில்லை. சுத்தக் கூடாது. எனக்கும் சுத்தக் கூடாது. குளிர்ச்சி உள்ளே இறங்கியது. ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. அவளுக்குச் சிரிப்பே வரப் பார்த்தது. அடுத்த நொடி, கட்டிலை யாரோ அடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினார்கள். இருட்டு ராட்டினமாகச் சுழன்றது. வயிறு தொண்டைக்கு வந்தது.

"கண்ணு பிரமாதமா வெட்டுது மேடம்! மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் டெக்னீஷியன், நல்ல சேதி சொல்கிற குரலில்.

பருந்து கைதட்டினான். "அக்கா அவுட்! கிரேன்காரனுக்கெல்லாம் தலை சுத்துமா? இது இரும்புத் தலை."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டெக்னீஷியனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"கால்ல கம்பி குத்திச் சீழ் வச்சு ஆஸ்பத்திரில கிடந்தியே, அப்ப ரொம்ப நாள் ஊசி போட்டாங்கல்ல?"

"அதனாலதான் கால் தப்பிச்சுது. இப்ப எதுக்கு அது?"

"அதுக்கப்புறம், நடக்கும்போது எதிர்ல இருக்கிற போர்டெல்லாம் ஆடுதா?"

சிரிப்பு பாதியில் நின்றது. "கண்ணாடி போடணும்போலன்னு நினைச்சேன்."

சில மருந்துகள் அப்படித்தான். கிருமியைத் தீர்த்த கையோடு, கேட்கும் சக்தியைத் தொடாமல், அதன் பக்கத்து அறையில் குடியிருக்கும் சமநிலையை மட்டும் சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போய்விடும். இரண்டு காதிலும் ஒன்றாகப் போனால் தலைகூடச் சுற்றாது. கண் தெரிகிறவரை ஆள் நிற்பான், நடப்பான், ஏணிகூட ஏறுவான். வெளிச்சம் போனால் எது மேல், எது கீழ் என்று சொல்ல உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"இருட்டினப்புறம் எப்படிடா கீழே இறங்குறே?"

"ஏணியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு." பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"எல்லாருக்கும் அப்படி இருக்காது. இன்னிக்கு ஏறாதே."

"நான் ஏறலைன்னா இன்னொருத்தன் ஏறுவான். அப்புறம் அது அவன் சீட்டு. இந்த ரிசல்ட்டை அழிச்சிடுக்கா. பேரே வராது, வெறும் நம்பர்தான்னு நீதானே சொன்னே?"

"நம்பர் ஏணியிலேர்ந்து விழாதுடா. நீதான் விழுவே."

"இதுவரைக்கும் விழுந்தேனா?"

"அந்த மூலையில கிடக்கிற ஸ்பாஞ்சு மெத்தை மேல கண்ணை மூடிக்கிட்டு நில்லு. நின்னுட்டா நான் வாயைத் திறக்கல."

"சர்க்கஸ் காட்ட வரல நான். வீட்ல மூச்சு விட்டே, அப்புறம் எனக்கு அக்காவே கிடையாது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினான்.

லிஃப்ட் திறந்துதான் இருந்தது. வேண்டுமென்றே அதைத் தாண்டி மாடிப்படிக் கதவைத் தள்ளினான். அவள் பின்னாலேயே ஓடினாள். ஜன்னல் இல்லாத படிக்கட்டு. தலைக்கு மேல் ஒற்றைக் குழல்விளக்கு, கதவோரத்தில் அதன் சுவிட்ச். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், கீழே இறங்கும் முதல் படியில் கால் வைத்தான். அப்படியே நின்று, "பாத்துக்க. எங்க ஆடுறேன்?" என்றான்.

அவள் பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"விடுக்கா, கிழிஞ்சுடும்."

இன்னொரு கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

எதுவும் தெரியவில்லை. பையின் கொக்கி எதிலோ இடித்தது. பிறகு, மிக மெதுவாக, காலர் அவள் விரல்களை முன்னே இழுக்கத் தொடங்கியது. சாய்வது அவனுக்குத் தெரியவில்லை. அவள் கைக்குத் தெரிந்தது. கதவு நிலையில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டாள். அவளுக்கே இன்னும் தலை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுப்பு கூடியது.

"அக்கா." இது வேறு குரல். "லைட்டைப் போடு."

"ஏறமாட்டேன்னு சொல்லு."

பாக்கெட்டிலிருந்து உருவிய கைகள் இருட்டில் சுவரைத் தேடித் துழாவும் சத்தம் கேட்டது. காலரில் ஒரு தையல் பட்டென்று விட்டது.

"லைட்டைப் போடுக்கா..."

அவள் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.