மொர்தெகாய் வீட்டு எருமை

யூதர் தெருவில் யாராவது வாக்குக் கொடுத்தால் அன்றே அவர் வாசலில் ஓர் எருமைக்கன்று வந்து நிற்கும். சொன்னதைச் செய்தால் போய்விடும். செய்யாவிட்டால் உள்ளே வந்து வளரும்.

அதனால் அங்கே யாரும் எதையும் வெறுமனே சொல்வதில்லை. "நாளைக்கு வர்றேன், வாக்கு இல்ல" என்பார்கள். வாயால் சொன்னதைச் செய்யாமல் விட்டால் கடவுளுக்குப் பதில் சொல்லணுமே என்று முன்னோர்கள் பயந்து வைத்த வழக்கம். பயம் போய்விட்டது, அந்த இரண்டு சொல் மட்டும் மிச்சம். சிம்ஹாவின் அப்பா மொர்தெகாய் உப்பு வாங்கப் போகும்போதுகூட அதைச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட பக்திமான்.

ஒரு தடவைதான் மறந்தார். அவர் மனைவி ராகேல் சாகக் கிடந்தபோது, "வருஷம் திரும்புறதுக்குள்ள உன் கல்லறையில கல்லு வைக்கிறேன்" என்று அழுதார். அழுத அழுகையில் 'வாக்கு இல்ல' என்ற அந்த வால் விட்டுப்போச்சு.

வருஷம் முடியப் போகிறது. கல் இல்லை. கல்லறைக்குப் போகிறவர்கள் வழக்கமாக வைக்கும் கூழாங்கல்லை அம்மாவுக்கென்று எந்த மேட்டில் வைப்பது என்று சிம்ஹா ஒவ்வொரு தடவையும் புல்லை விலக்கித் தேடினாள். வீட்டில் எருமை முதலில் அப்பாவின் கட்டிலை எடுத்துக்கொண்டது, பிறகு நாற்காலியை. அப்பா தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

"கல்லை வெச்சாத்தான் என்னப்பா?"

"வைக்கலாம்மா. வாக்கு இல்ல."

புத்தாண்டு நெருங்கினால் தெருவில் மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார்ந்து, நிறைவேறாத வாக்குகளை ரத்து செய்து அவிழ்த்துவிடுவார்கள். மூவரின் எருமைகளும் வெளியே கட்டிக் கிடந்தன. அப்பா குளித்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

"மனசுக்குள்ள 'வாக்கு இல்ல'ன்னு சொன்னேங்க."

"மனுஷருக்குக் கொடுத்த வாக்கை எங்க இஷ்டத்துக்கு அவிழ்க்க முடியாது, மொர்தெகாய்," என்றார் நடுவில் இருந்த எலியாஸ். "அவங்க வந்து சம்மதிக்கணும்."

"அவ செத்துட்டாளே."

"அதுக்கென்ன? கூப்பிடு."

ராகேல் வந்தாள். சேலையில் ஈரமண் ஒட்டியிருந்தது. சிம்ஹா அதைத் தட்டிவிட்டாள்.

"விடுறியாம்மா?" என்று கேட்டார் எலியாஸ்.

"மாட்டேன்," என்றாள் ராகேல். "உப்பு வாங்கவே வாக்கு இல்லம்பாரு. வாழ்க்கையில ஒரு தடவை நெசமாச் சொன்னாரு. அதையும் விடச் சொல்றீங்களா?"

மூவரும் தாடியைத் தடவினார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"நான் வைக்கிறேன்மா," என்றாள் சிம்ஹா. வால் எதுவும் சேர்க்கவில்லை. காலடியில் ஒரு கன்று காதை உதறியது.

சிம்ஹா, அம்மா, கன்று மூவரும் நேரே கல்தச்சர் பட்டறைக்குப் போனார்கள். ராகேல் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குளிர்ச்சி போதாது. சாம்பல் நிறக் கல் பிடித்தது. அதை வண்டியில் ஏற்றிப் போய் நட்டார்கள். கோணலாக இருந்ததை ராகேல் மண்ணுக்குள்ளேயிருந்து ஒரு தள்ளுத் தள்ளி நிமிர்த்தினாள். சிம்ஹா தேடாமல் கூழாங்கல்லை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கன்று இல்லை.

வீட்டில் அப்பாவின் எருமை அப்படியே இருந்தது; கல்லை வைத்தது அவர் இல்லையே. நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. அப்பா கொல்லையில் கட்டிக் கிடந்தார்.

"வைக்கோல் போடவாப்பா?"

"போடும்மா," என்றார் அப்பா. "தின்னுடுறேன். வாக்கு இல்ல."