பின்பக்கம் திறந்த பெட்டி

"நான் கண்ண மூடிட்டன். இப்ப மாத்து," என்றான் றஸீன்.

புத்தளத்துப் பக்கம் எத்தாளையில் அவனுடைய தோட்டத்துக் கொட்டில் அது. வெங்காயம் விற்றுப்போய், உள்ளே சருகும் வாசமும் மட்டும் மிச்சமிருந்தன. பிளாஸ்டிக் கதிரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிற்றாரை மடியில் சாய்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒன்று அவனுடைய பழைய பெட்டி. நாலு ஸ்பீக்கர், எல்லாப் பக்கமும் பலகை அடித்து மூடியது, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம். மற்றது வென்னப்புவையிலிருந்து குடும்பத்தோடு இத்தாலிக்குப் போன ஒருவர் விற்றுவிட்டுப் போனது. இரண்டே ஸ்பீக்கர். பின்பலகை பாதிக்கு மேல் இல்லை, கையை விட்டால் உள்ளேயிருக்கும் காந்தத்தைத் தொடலாம். அதோடு, கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஒரு வால்வ் அம்பும் வந்திருந்தது. றஸீனிடம் ஏற்கெனவே ஒரு ட்ரான்சிஸ்டர் அம்ப் இருந்தது. எந்த அம்பை எந்தப் பெட்டியோடு சேர்த்தால் நல்லது என்று பார்ப்பதற்காகத்தான் ஸஜீத் காலையிலேயே பாலாவியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

ஸஜீத் பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து தோணியில் வந்து இறங்கிய பிள்ளைகளில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் றஸீனுக்குப் பக்கத்தில், அதே வாங்கில் அவனை இருத்தினார்கள். பிறகு அவன் அந்தப் பக்கத்தை விட்டுப் போகவேயில்லை. இருவரும் றிஸ்மின் என்கிற ட்ரம்ஸ்காரனும் சேர்ந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெளிநாட்டார் வருகிற கண்டக்குழி ஹோட்டலொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தார்கள். கலியாண வீடுகள் இப்போது குறைந்துபோனதால், சீசன் முழுவதும் மூன்று குடும்பமும் அந்த ஞாயிறுகளைத்தான் நம்பியிருந்தன.

போன ஞாயிறு முடிந்ததும் ஹோட்டல் மனேஜர் ஸஜீத்தைத் தனியாகக் கூப்பிட்டார். சிங்களவர், நிதானமான மனிதர். கிற்றார் காதுக்குள் ஊசி மாதிரி ஏறுகிறது என்று ஆட்கள் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போகிறார்கள், வருகிற கிழமையும் இப்படியென்றால் வேறு ஆட்களைப் பார்க்க வேண்டிவரும் என்றார். ஸஜீத் அதில் பாதியைத்தான் றஸீனிடம் சொன்னான். சத்தம் கொஞ்சம் கூராக இருக்கிறதாம் என்றான். றஸீன் யோசித்துவிட்டு, "மூடின பெட்டி அப்பிடித்தான். நேரா இரிக்கிறவன்ட காதுக்குப் போய் அடிக்கும். பின்பக்கம் திறந்ததெண்டா சத்தம் சுவத்துல பட்டுப் பரவும், மெதுவா இரிக்கும்," என்றான். அவன் சொன்னால் ஸஜீத்துக்கு மறுபேச்சில்லை. ரோட்டில் போகும்போதே, எங்கோ கலியாண வீட்டில் வாசிக்கிறவனின் எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று சொல்லக்கூடிய காது அது.

வால்வ் அம்பை ஓடவிட்டபடி வயரைக் கழற்றக் கூடாது, உள்ளே எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும் அணைத்து, வயரை மாற்றி, மறுபடி போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் வால்வ் அம்ப் மூடின பெட்டியில் பாடியது. றஸீன் ஒரே மெட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு மாற்றச் சொன்னான். ஸஜீத் அணைத்தான். வயரைக் கழற்றிக் கையில் எடுத்த நேரம் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. சமையல் காஸ் முடிந்துவிட்டதாம். பேசிக்கொண்டே வயரைச் செருகி, அம்பைப் போட்டான். றஸீன் அதே மெட்டை வாசித்தான். சத்தம் மூடின பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. பேச்சு ஞாபகத்தில் அதிலேயே திரும்பச் செருகியிருக்கிறேன் என்று ஸஜீத்துக்கு விளங்கி, சொல்ல வாயெடுப்பதற்குள் றஸீன் தலையை ஆட்டினான்.

"இது. இதுதான் மச்சான். முந்தினத்த விட எவ்வளவு துலக்கம், பாத்தியா?"

முதலில் பகிடி என்றுதான் ஸஜீத் நினைத்தான். றஸீனின் முதுகு பகிடி விடுகிற முதுகாக இல்லை. இல்லாத பின்பலகையை எட்டிப் பார்ப்பதுபோல் ஸஜீத் கொஞ்சம் குனிந்து நின்றான். பிறகு, என்ன செய்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், "சரி, பழையத்தப் போடுறன், இன்னொருக்கா பாரு," என்று சொல்லி அம்பை அணைத்து, வயரைத் தொடாமலே மறுபடி போட்டான். றஸீன் வாசித்து முடித்து உதட்டைச் சுழித்தான். "இது மொட்டையா இரிக்கி. வெளங்குதுதானே?"

"ஓம்," என்றான் ஸஜீத்.

அவனுடைய கை தானாகவே அம்பின் முகப்புக்குப் போனது. மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழ் முழுவதும் மேலே இருந்தது. ஹோட்டலில் பழைய அம்பிலும் அந்தக் குமிழ் எப்போதும் அங்கேதான் இருக்கும். தூக்கி இறக்கும்போது முட்டித் திரும்பியிருக்கும் என்று நினைத்து ஸஜீத் ஒவ்வொரு கிழமையும் இறக்கி வைப்பான், ஒவ்வொரு கிழமையும் அது ஏறியிருக்கும். இப்போது றஸீன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் குமிழை மெல்ல மெல்லக் கடைசிவரை இறக்கினான். கிற்றாரின் சத்தம் போர்வைக்குள் இழுத்து மூடியதுபோல் மங்கிப்போனது. குழந்தைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். றஸீனின் விரல்கள் ஒரு கணமும் தயங்கவில்லை. தலை திரும்பவில்லை. மெட்டின் இனிமையான இடம் வந்தபோது எப்போதும்போல் வலது தோளைக் கொஞ்சம் உயர்த்தினான்.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸஜீத் வீட்டின் பின்பக்கம் போனான். றஸீனின் மனைவி மர்ஷூதா குசினி வாசலில் நின்றிருந்தாள். செம்பை அவனிடம் நீட்டினாள்.

"ஒரே பொக்ஸத்தானே நானா திரும்பத் திரும்ப வாசிக்கிறீங்க?"

"உனக்கெப்பிடித் தெரியும் தங்கச்சி?"

"குசினிக்குள்ள இருந்தே எனக்கு வெளங்குது. அவருக்குத்தான் வெளங்காது." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைக்க ஈரம் எதுவும் இருக்கவில்லை. "புத்தளத்துல டொக்டர் பாத்தவர். மேல் சத்தமெல்லாம் ரெண்டு காதுலயும் போயிட்டாம். இப்பிடியே அம்புக்கு முன்னால நிண்டா மிச்சமும் போகுமாம். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்ட சத்தியம் வாங்கினவர். நான் சொல்லல்ல. நீங்களாத்தான் கண்டுபுடிச்சீங்க."

ஸஜீத் தண்ணீரைக் குடித்தான்.

"மகள் ஸும்றா கதைக்கக்குள்ள அவரப் பாத்திருக்கிறீங்களா? அவட குரல் மெல்லிசு. சிரிச்சித் தலைய ஆட்டுவார். கெம்பஸ் கெடச்சா கொழும்புல நிண்டு படிக்கட்டா வாப்பா எண்டு கேட்டா. அதுக்கும் சிரிச்சித் தலைய ஆட்டினார். புள்ள சந்தோசத்துல அழுதிட்டா. அவ என்னத்துக்கு அழுறா எண்டு என்னட்ட வந்து கேக்கிறார் மனுசன்." மர்ஷூதா கொட்டில் பக்கம் பார்த்தாள். பிறகு, "நிப்பாட்டச் சொல்லுங்க நானா. அவர் நீங்க சொன்னாத்தான் கேப்பார்," என்றாள்.

வேறு ஒருவனின் காரியமாக இருந்தால் உடனே ஓம் என்றிருப்பான். ஞாயிற்றுக்கிழமையும், காஸ் சிலிண்டரும், றிஸ்மினின் கைப்பிள்ளையும் சேர்ந்து அவனுடைய நாக்கைப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடித்துக்கொண்டதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்கு வந்தான்.

றஸீன் கதிரையைத் திருப்பிப் போட்டுப் பெட்டிகளைப் பார்த்தபடி இருந்தான். அம்பின் பின்னாலிருந்து போகிற வயர் எங்கே முடிகிறது என்பதை அவன் கண்டுவிட்டிருந்தான்.

"நான் மாத்தவே இல்ல மச்சான்," என்றான் ஸஜீத், வாய் அசைவு தெரிகிற மாதிரி நேரே நின்று.

"மர்ஷூதா சொன்னாளா?"

"இல்ல. நீதான் சொன்ன."

றஸீன் கிற்றாரை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். அது சறுக்காமல் நிற்கிறதா என்று இருதரம் பார்த்தான். ஏசுவான் என்றுதான் ஸஜீத் எதிர்பார்த்தான். அவன் ஏசவில்லை.

"முதல்ல சில்வண்டு போச்சு," என்றான். "மழைக்குப் பொறகு இங்க எப்பிடிக் கத்தும், தெரியும்தானே. ஒரு வருசம் சத்தமே இல்ல. தோட்டத்துக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாம் செத்துப்போச்செண்டு நினைச்சன். மர்ஷூதாட்டயும் அப்பிடித்தான் சொன்னன். அவ ஒண்டும் சொல்லாமப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்த நேரமும் அதுகள் கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்ல? வாசிக்கிறது எனக்கு மண்டைக்குள்ள வெளங்குது. விரல் வைக்க முந்தியே வெளங்குது. வெளியால இருந்து வாறதுதான் இல்ல. அது வரணும் எண்டுதான் அந்தக் குமிழக் கூட்டினன்." அம்பின் முகப்பைப் பார்த்தான். "ஆக்கள் எழும்பிப் போனது அதாலயா?"

ஸஜீத் தலையை ஆட்டினான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பள்ளி ஒலிபெருக்கியின் சத்தம் தோட்டத்தைத் தாண்டி வந்தபோது ஸஜீத் தன்னையறியாமல் நண்பனின் முகத்தைப் பார்த்தான். றஸீன் அதைக் கவனித்து, "அது வெளங்குது, பயப்பிடாத," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது அவன் முகம் கழுவிய முகமாக, யாரோ சொன்னதைக் கேட்டு ஒத்துக்கொண்ட முகமாக இருந்தது. இரண்டு அம்பையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்றான். கிற்றாரிலிருந்து வருவதை, தன்னிடம் கிடந்த ஒரு சின்ன இணைப்புப் பெட்டி வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். வால்வ் அம்பும் பின்பக்கம் திறந்த பெட்டியும் ஆட்களுக்கு. அதன் குமிழ்களை ஸஜீத் வைப்பான், றஸீன் தொடமாட்டான். பழைய அம்பும் மூடின பெட்டியும் அவனுக்கு. ட்ரெபிள் இல்லை, சத்தமும் கொஞ்சம்தான், அடித்தொனி மட்டும். அதன்மேல் உட்கார்ந்து வாசிப்பதாக அவன் சொன்னபோது ஸஜீத்துக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே செருகிவிட்டு, றஸீன் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். ஸஜீத் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தான். பலகை மெல்ல அதிர்ந்தது. அடித்தந்திகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்குள் ஏறின.

"இரையுது," என்றான் றஸீன் திடீரென்று.

ஸஜீத்துக்கு எதுவும் கேட்கவில்லை. கூர்ந்து கேட்டபோதுதான் இரண்டு அம்புகளும் இணைந்ததால் அடியில் ஓடுகிற மெல்லிய கரண்ட் இரைச்சல் பிடிபட்டது. இரண்டு பிளக்கையும் ஒரே இடத்தில் செருகினான். அது நின்றது. றஸீன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஸஜீத்துக்கு முடியவில்லை, வயரைச் சுற்றுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

சாமான் ஏற்ற ஆட்டோ லொறி வந்தபோது மர்ஷூதா வாசலில் நின்றாள். ஸஜீத் அவளிடம், "இந்த சீசன் மட்டும்," என்று சொல்லப் பார்த்தான். அவள் பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவனைப் பார்க்கவில்லை.

ஞாயிறு பகல் ஹோட்டலின் ஓலைக் கூரைக்குக் கீழே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். றஸீன் மூடின பெட்டியின்மேல் அமர்ந்து வாசித்தான். திறந்த பெட்டியைச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். சத்தம் சுவரில் பட்டு, சாப்பிடுகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் எழும்பவில்லை. மனேஜர் தூணோடு நின்று கேட்டார், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனார். கனகாலத்துக்குப் பிறகு றஸீனின் வாசிப்பில் அவசரம் இல்லாமல் இருப்பதை ஸஜீத் கவனித்தான். பேஸ் வாசித்துக்கொண்டே கண்ணைத் துடைக்க முடியாது என்பதால் கூரையைப் பார்த்துப் பாடினான்.

நாலாவதோ ஐந்தாவதோ பாட்டுக்கு றிஸ்மின் குச்சிகளைத் தட்டித் தொடக்கம் கொடுத்தான். ட்ரம்ஸின் பித்தளைத் தட்டு வந்தது, ஸஜீத்தின் குரல் வந்தது, கிற்றார் வரவில்லை. றஸீன் தந்திகளின்மேல் கையை வைத்துக்கொண்டு, பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து, பணிவாகக் காத்திருந்தான். குச்சிச் சத்தம் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. கிற்றாருக்கு மட்டுமான பெட்டியும் அதை அவனுக்குச் சொல்லவில்லை. ஸஜீத்தின் வாய் அசைவதைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த பயத்தை ஸஜீத் அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை. அடுத்த அடியில் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் ஸஜீத் அவனைப் பார்த்துத் தாடையை அசைத்தான். பாட்டு முடியும்வரை றஸீன் அந்தத் தாடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் மனேஜர் வந்து இருவருக்கும் கை கொடுத்தார், அடுத்த கிழமையும் வரச் சொன்னார். றஸீன் அவருடைய உதடுகளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். அவன் எதற்குத் தலையாட்டினான் என்று ஸஜீத் கேட்கவில்லை.

லொறி மணலுக்குள் இறங்காது. மூடின பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடற்கரையோரமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் கை நோக, இறக்கி வைத்தார்கள். கரைவலை அப்போதுதான் ஏறியிருந்தது. வலையின் மடியில் சூடை மீன்கள் துள்ளின. எங்கிருந்தோ கடற்பறவைகள் கூட்டமாக வந்து வலைக்காரர்களின் தலைக்கு மேலே சுற்றின. தாழ்ந்தன, ஒன்றையொன்று மோதின, திரும்ப ஏறின. அந்த இரைச்சலில் ஸஜீத்துக்குத் தன் மூச்சே கேட்கவில்லை.

"கத்துதுகளா?" என்றான் றஸீன்.

"ஓம்."

"நிறையவா?"

ஸஜீத் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். றஸீன் பெட்டியின்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். வெயிலில் பறவைகளின் அலகுகள் சிவப்பாகத் திறந்து மூடின, திறந்து மூடின. அவன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவற்றின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.